சுக மீட்டர்

கோமதிநாயகம் வீட்டுச் சுக மீட்டர் நான்கு மாதமாகச் சுற்றவில்லை. மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், அதே மரப்பலகையில், அதுவும் மாட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியச் சக்கரம், அதன் விளிம்பில் சிவப்புக் கோடு. வீட்டுக்காரர் எதையாவது அனுபவித்தால் சக்கரம் சுற்றும். இல்லையென்றால் நிற்கும். நிற்பதில் இந்தச் சக்கரம் கெட்டிக்காரச் சக்கரம்.

ரீடிங் எடுக்க வந்த மிக்கேல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து கண்ணாடியை விரலால் தட்டினார்.

“போன தடவையும் இதே எண்ணுதான் அண்ணாச்சி. அதுக்கு முந்தின தடவையும் இதேதான்.”

“மீட்டர் பழுதோ?”

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. உங்களத்தான் பாக்கணும்.” மிக்கேல் அட்டையில் எழுதினார். “வாற புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து கட் பண்ணுவேன். அதுக்குள்ள ஒரு சுத்து சுத்துனாப் போதும்.”

“கையால சுத்தலாமா?”

“ஒருத்தர் சுத்திப் பாத்தாரு. கைதான் சுத்துச்சு. இன்னும் நிக்கல.”

கட் பண்ணினால் என்ன ஆகும் என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பாலையாவுக்குப் போன ஆவணியில் இணைப்பைத் துண்டித்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் கை கால் இறுகி, இப்போது தன் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியாக இருக்கிறார். அவர் மனைவிக்கு ஒரு குறையும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் துணியால் துடைத்துவிடுகிறாள்.

விஷயத்தை மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னார். அவள் யோசித்தாள்.

“நம்ம வீட்ல மாடி இல்லையே.”

“இல்ல.”

“பெறகு உங்கள வச்சி நான் என்ன செய்ய?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் இந்தக் கேள்வி அவருக்கு வருத்தமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாள் அவகாசம் கேட்டு மீட்டர் அலுவலகத்துக்குப் போனார். வராந்தா அவர் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. அவசரமில்லாதவர்களுக்கு அது சின்ன வராந்தாதான் என்று வழியில் உட்கார்ந்திருந்த காவலாளி சொன்னார். மெதுவாக நடந்தார். உடனே முடிந்துவிட்டது. கடைசி அறையில் ஓர் அம்மாள் தலை நிமிராமல் தாளை நீட்டினாள்.

“கடைசியா எத அனுபவிச்சீங்க? எழுதுங்க.”

கோமதிநாயகம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நினைவுக்கு வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால் போன தென்காசி பஸ் ஒன்றுதான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாரல் முகத்தில் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆலங்குளம் வரைக்கும் ஒன்றையும் நினைக்கவில்லை. அதை எழுதினார்.

“சாட்சி?”

“பக்கத்துல ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருந்தாரு.”

“தூங்குனவர் செல்லாது.”

அவள் முத்திரை குத்தினாள். ‘நடந்ததாகத் தெரியவில்லை’ என்று ஊதா மையில் விழுந்தது.

லீவு போட்டுவிட்டு அனுபவிக்க இறங்கினார். ஆவுடையம்மாள் மீட்டருக்குக் கீழே முக்காலி போட்டு டார்ச் லைட்டுடன் உட்கார்ந்தாள். முதலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டார்.

“சுத்துதா?”

“இல்ல. நல்லா மென்னு பாருங்க.”

மென்று பார்த்தார். பலாச்சுளை தின்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்தார். பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த ரிமோட்டை அமுக்கி, டிவியில் நகைச்சுவைக் காட்சி பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“மூணு வீட்டுக்குக் கேக்குது,” என்றாள் ஆவுடையம்மாள். “ஆனா சுத்தல.”

நெய் ரோஸ்ட் வாசனைக்குப் பக்கத்து வீட்டு மீட்டர் இரண்டு சுற்றுச் சுற்றியதாக அந்த வீட்டுக்காரர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோமதிநாயகம் மீட்டரிலிருந்து கிளம்பும் வயரைக் கவனித்தார். இத்தனை வருடமாக அது எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. உத்தரத்தின் ஓரமாகப் போய், மின்விசிறிக்கு மேலே வளைந்து, கூடத்து ஷோகேஸுக்குள் இறங்கியது. சாவி ஆவுடையம்மாள் இடுப்பில் இருந்தது.

“அது வாறவங்களுக்கு உள்ளதுல்லா,” என்றாள்.

“பாத்துட்டு மூடிருவேன்.”

ஷோகேஸில் நீலப்பூப் போட்ட ஆறு கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. அவற்றில் ஒருநாளும் யாரும் எதுவும் குடித்ததில்லை. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கும், பிரிக்காத சோப்பு டப்பாவும், பிரிக்காத போர்வையும் இருந்தன. பிளாஸ்க்குக்குப் பின்னால் அவருடைய ஆன்மா உட்கார்ந்திருந்தது. முழங்கால் உயரம். ஜவுளிக்கடைக் கவருக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் அவர் முகம்தான். புழங்காததால் முடி மட்டும் கொட்டவில்லை.

“விருந்தாள் வந்தாச்சா?” என்று அது கேட்டது.

“இல்ல.”

“பெறகு எதுக்குத் தொறந்தீங்க? தூசி ஏறும்.”

அது சொன்னது சரிதான். கதவைச் சாத்தினார். கல்யாணமான வருடம் அவர்தான் அதை அங்கே உட்கார வைத்தார். நல்ல நாள் வரட்டும் என்று சொன்னதும் அவர்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தார். கதவை மறுபடி திறக்கக் கையை நீட்டினார். அதற்குள் சாவி இடுப்புக்குப் போய்விட்டது.

புதன்கிழமை சரியாகப் பதினோரு மணிக்கு மிக்கேல் குறட்டோடு வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். சோபாவின் பிளாஸ்டிக் உறை முனகியது. அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் வெளியாள் அவர்தான். ஆவுடையம்மாளுக்கு வேறு வழியில்லை. ஷோகேஸைத் திறந்து நீலப்பூத் தம்ளர் ஒன்றை எடுத்துக் கழுவி அதில் காப்பி கொண்டுவந்தாள்.

“வந்தாச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“வந்தாச்சு,” என்றார் கோமதிநாயகம்.

ஆன்மா கவரோடு இறங்கி வந்து மிக்கேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மிக்கேல் நாகரிகமான மனிதர். காப்பியில் பாதியை டபராவில் ஊற்றி அதற்குக் கொடுத்தார். அது கவரை விலக்கி ஒரு வாய் குடித்தது. சுவரில் சக்கரம் நடுங்கியது. சிவப்புக் கோடு மெல்ல வெளியே வந்தது. மூன்று பேரும் எழுந்து அதைப் பார்த்தார்கள். சக்கரம் நின்றுவிட்டது.

“இன்னும் முக்கால் சுத்து வேணும்,” என்றார் மிக்கேல்.

ஆன்மா தரையைப் பார்த்தது. “எல்லாரும் ஒண்ணா நின்னு பாத்தா எப்படி?” என்றது.

பதினொன்றரை வரை மிக்கேல் காத்திருந்தார். தம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு அண்ணாச்சி. காப்பி நல்லா இருந்தது அக்கா.” வயரை நறுக்கினார். மீட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தபோது சோபாவில் கவர் மட்டும் கிடந்தது. ஆன்மா எந்தப் பக்கம் போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வந்தவரை வழியனுப்ப வாசலுக்குப் போக வேண்டும். வாசலில் மூன்று படி. முதல் படி ஓரத்தில் கோமதிநாயகத்தின் கால் இறுகத் தொடங்கியது. இன்னும் முழுதாக இறுகவில்லை. மிக்கேல் சைக்கிளில் ஏறித் தெருவில் இறங்கிவிட்டார்.

ஆவுடையம்மாளுக்கு எட்டு வருடமாக முழங்கால் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்குவாள். கோமதிநாயகம் ஒவ்வொரு தடவையும் முன்னால் இறங்கிப் போய், தெருவில் நின்று, நேரமாகிறது என்று சொல்லுவார். இன்று அவர் அங்கேயே நின்றதால் அவள் அவர் தோளில் கையை ஊன்றினாள். ஒரு படி இறங்கினாள்.

“உறுதியாத்தான் இருக்கு,” என்றாள்.

அவள் கை சூடாக இருந்தது. பாத்திரம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. சொல்லப்போனால் ரொம்பவே பிடித்திருந்தது. அவர் ஒன்றையும் நினைக்கவில்லை.

தெருமுனையில் மிக்கேலின் பைக்குள்ளிருந்து கிர்ரென்று சத்தம் கேட்டது. அவர் பிரேக் பிடித்தார். பையைத் திறந்து பார்த்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினார்.

“அண்ணாச்சி, சுத்துது. நிக்காம சுத்துது. இறுகுததுக்கு முன்ன ஓடிவந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டீயன்னா இப்பவே திருப்பி மாட்டிரலாம்.”

கோமதிநாயகத்துக்கு நன்றாகக் கேட்டது. இறுக்கம் இன்னும் கணுக்காலைத் தாண்டவில்லை. ஓடினால் ஓடிவிடலாம்.

ஆவுடையம்மாள் இரண்டாவது படியில் முழு பாரத்தையும் அவர் தோளில் போட்டு நின்றிருந்தாள். இன்னும் ஒரு படி இருந்தது. அவர் அசையவில்லை.