பத்தில் ஒரு மூக்கு

…மணக்கவில்லை, இன்னொரு தரம் முகர்ந்தாலும் மணக்கவில்லை, நனைந்த காகிதத்தை மூக்கில் வைத்த மாதிரிதான் இருக்கிறது, இந்தப் பூவுக்குப் போய் ஊட்டிப் பக்கத்திலிருந்து பெட்டி பெட்டியாக, ஐஸ் அடைத்து, வண்டி ஏற்றி... இந்த அறையில் மணப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து பெருங்காயம், மத்தியானப் பந்தியின் இலைகள் பின்வாசலில் குவிந்து புளிக்கிற வாடை, கழிப்பறையில் கொட்டின பினாயில், ஜெனரேட்டரின் டீசல், மூலையில் சாய்ந்திருக்கும் சம்பங்கி மூட்டை, அந்த மூட்டைக்கு அடியில் அழுக ஆரம்பித்த நாலைந்து காம்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வேன். தறியில் அறுந்த ஒற்றை இழையைத் தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண் இந்தக் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு, எனக்கு அது மூக்கு. அம்மாவிடமிருந்து வந்தது. கெட்டுப்போன சோற்றைப் பாத்திரத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவாள் அம்மா. அப்படிப்பட்ட மூக்கில் ஏறாத பூவை வாசனை வாசனை என்று காலையிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் கண்ணை மூடி இழுக்கிறான்... நடிக்கிறார்கள். விலை அதிகம் என்றால் வாசனையும் அதிகமாக இருந்தாக வேண்டும் இவர்களுக்கு. பட்டுப் புடவை கட்டின பெண் ஒருத்தி செல்பி எடுத்துக்கொண்டே "செம ஸ்மெல்" என்றாள், பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராஜகோபால் அண்ணன் மட்டும் நடிக்கவில்லை, அவருக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு, கல்யாண மேடை அலங்காரத்திலேயே தலை நரைத்த மனுஷன், ரோஜாவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். அவரிடம்தான் எட்டு மாதமாக வேலை செய்கிறேன், எம்.எஸ்சி. தாவரவியல், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, கையில் கம்பி, கத்தரி, தண்ணீர் குடித்துக் கனத்த ஃபோம் கட்டிகள். காம்பைச் சரிவாக நறுக்கு, கட்டியில் குத்து, அடுத்ததை எடு... சாயங்காலம் வரவேற்பு. பெண் பெயர் பிரியதர்ஷினி. வேல்முருகனின் தங்கை. வேல்முருகன் என்னவன், அப்படித்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்குள்ளேயே, வேறு யாரிடம் சொல்ல. இன்றைக்கு அவன் அம்மாவிடம் என்னைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். வீட்டுக்குக் கூட்டிப்போனால் பிரச்சினை, கல்யாணக் கூட்டத்தில் என்றால் சகஜமாக இருக்கும், இவதாம்மா பிரவீனா, என்கூடப் படிச்சவ என்று ஆரம்பித்துவிடலாம், ஆரம்பித்துவிட்டால் போதும், மீதி தானாக நடக்கும் என்றான். அதனால்தான் இந்த வேலையை எங்களுக்கே வாங்கிக் கொடுத்தானாம். காதலியைப் பந்தல் வேலைக்காரியாக உள்ளே நுழைக்கிற யோசனை எவனுக்கு வரும்? வந்தது, நானும் தலையாட்டினேன், நேற்று ராத்திரி தலைக்குக்கூடக் குளித்தேன். தூ.

பூவும் அவன் ஏற்பாடுதான், தங்கை ஆசைப்பட்டுக் கேட்டாளாம். ஃப்ரீசியா என்ற பெயரையே நான் எம்.எஸ்சி.யில்தான் கேள்விப்பட்டேன், கருத்தரங்கில் ஆளுக்கொரு செடி, எனக்கு இது விழுந்தது. ஒரு பூவைக்கூடக் கண்ணால் பார்க்காமல் அரைமணி நேரம் பேசினேன். பார்க்காததைப் பார்த்த மாதிரி பேசத் தெரியாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் அங்கே பிழைக்க முடியுமா? தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கோடியில் மணலிலும் கல்லிடுக்கிலும் தானாக முளைக்கிற காட்டு ஃப்ரீசியாக்களைப் பற்றிச் சொன்னேன்... கோடை முழுக்க மண்ணுக்கடியில் சின்னக் கிழங்காகச் செத்த மாதிரி கிடக்கும், குளிர்கால மழை இறங்கினதும் இலை விடும், வெளுத்த மஞ்சளில் சின்னப் பூ, பார்க்க ஒன்றுமில்லை, மணம் மட்டும் ஆளைத் தேடி வரும் என்று புத்தகத்தில் இருந்தது. காம்பு நுனியில் கழுத்தொடிந்த மாதிரி மடங்கி, பூக்களெல்லாம் ஒரே பக்கமாக வரிசை கட்டி வானத்தைப் பார்க்கும், தேனீ வந்து இறங்குவதற்கு. அதன் உறவில் சிவப்பாக ஒன்று உண்டு, அதற்கு வாசனை கிடையாது. நிறத்துக்காக அதையும் இதையும் கலந்தார்கள், பூ பெரிதானது, ஊதா வந்தது, அடுக்கு வந்தது, சில வகைகளில் மணம் காணாமல் போனது. குங்குமப்பூச் செடியும் இதற்குச் சொந்தம், கல்யாண மேடைகளில் ஈட்டி மாதிரி நிற்குமே கிளாடியோலஸ், அதுவும் சொந்தம் என்றேன். வேல்முருகன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினான். கலந்தால் மணம் போகும் என்றதற்குக் கைதட்டினவன் அடுத்த மாதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்... அப்போது அதில் ஒன்றும் உறைக்கவில்லையே எனக்கு, ஏன்?

சற்று முன்புதான் லோகாம்பாள் வந்தார், அவன் அம்மா, பின்னால் நாலைந்து உறவுக்காரப் பெண்கள், கடைசியில் இவன், வேட்டி சட்டையில். நான் எழுந்து நின்றேன், முகத்தில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கைத் தட்டிக்கொண்டேன், இதோ ஆரம்பிக்கப் போகிறான். லோகாம்பாள் ஒரு கொத்தை எடுத்து முகர்ந்து, "நல்லா இருக்குதுபா வேலு, ரூமே மணக்குது" என்றார். கதவுகிட்ட வரும்போதே தூக்கிச்சும்மா என்றான் அவன். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பூவை மூக்கில் வைத்துக்கொண்டார்கள், மயங்கினார்கள். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது, அது என் வியாதி. "இதுல வாசனை இல்லீங்க, பெருசா வரணும்னு கலந்து கலந்து வாசனைய எடுத்துட்டாங்க, காட்டுல மொளைக்கிறதுலதான் இருக்கும்" என்றேன், படித்தவள் பேசுகிற குரலில். ராஜகோபால் அண்ணன் இருமினார், வாடிக்கையாளரிடமே பூவைக் குறை சொல்கிற வேலைக்காரியை அவர் எங்கே பார்த்திருப்பார். லோகாம்பாள் இவனைத் திரும்பிப் பார்த்து, யாருபா இந்தப் பொண்ணு என்று கேட்டார். இதைவிட நல்ல நேரம் வராது, கேள்வியே கேட்டாகிவிட்டது, பதில் சொன்னால் போதும். "டெக்கரேஷன்ல வேலை செய்றவங்கம்மா." செய்றவங்க. தென்னேரி ஏரிக்கரையில் எத்தனை சாயங்காலம், அடியே, பிரவி, லூசு என்று கூப்பிட்ட வாய்.

அதோடு விடவில்லை. எந்த ஊரும்மா என்றார் லோகாம்பாள், மாகறல் என்றேன். மாகறல்ல எந்தப் பக்கம், கோயில் பக்கமா? கேள்வி எங்கே போகிறது என்று இந்த ஜில்லாவில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். இல்லீங்க, காலனி என்றேன், வேண்டுமென்றே அவனைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், அவன் சுவரில் தொங்கின சீரியல் பல்பை எண்ணிக்கொண்டிருந்தான். லோகாம்பாள் முகம் சுளித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன், அந்த அம்மாள் சுளிக்கவில்லை, இரக்கப்பட்டார். "அதாம்மா. மூக்கு பழகுறதுதானே. உன்மேல தப்பு இல்ல" என்று என் தோளுக்குப் பக்கத்தில், தோளைத் தொடாமல், காற்றில் தட்டினார். பந்தி முடிஞ்சதும் பின்னாடி போயி சாப்பிட்டுக்கோ, பசியோட இருக்காத என்றார். போய்விட்டார்கள். இவனும் அவர்கள் பின்னாடியே.

மூக்கு பழகுறதுதானே... எதில் பழகின மூக்கு? என் அம்மா மாநகராட்சியில் குப்பை பிரிக்கிறாள், கருடசேவை முடிந்த மறுநாள் ராஜவீதி எப்படி நாறும் என்று இந்த அம்மாளுக்குத் தெரியுமா, எச்சில் தொன்னையும் மிதிபட்ட துளசியும் மூத்திரமும், அதை வாரி எடுத்துவிட்டு வந்து சோப்பு கரையக் கரையக் குளித்து, மல்லிகை வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போகிற மூக்கு அது. அந்த மூக்கின் மகள் மூக்கு இது. வாசனை தெரியாதாம். இல்லாத வாசனையை இருக்கிறது என்று சொல்லத் தெரியாத மூக்கு, அவ்வளவுதான். நறுக்கு, குத்து... காம்பு ஒன்று ஒடிந்தது, ஒடியட்டும். இவன் மட்டும் என்ன, கதவுகிட்டயே தூக்கிச்சாம், அம்மா சொன்னால் டீசலைக்கூட சந்தனம் என்பான். இப்போது எல்லாம் கோர்வையாகப் புரிகிறது. வாசனையில் பொய் சொல்கிறவன் எதில்தான் சொல்லமாட்டான், ஏரிக்கரையில் சொன்னது, ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் என்றது, எங்க வீட்ல அப்படி எல்லாம் பாக்க மாட்டாங்க என்றது, எல்லாம் இந்தப் பூ மாதிரிதான், நிறம் மட்டும். கோபத்தில் ஒரு சுகம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சுகம். இனி அழ வேண்டாம், சாயங்காலம் மேடையை முடித்துவிட்டு, போடா என்று ஒரு மெசேஜ்...

ராஜகோபால் அண்ணன் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தார், இரண்டு கையிலும் பூச்சாடி, மணப்பெண் அறையில் காலையில் நானே வைத்துவிட்டு வந்த சாடிகள். ஏண்ணா திரும்பி வருது என்றேன். "தல வலிக்குதாம்மா பொண்ணுக்கு. ஏசி ரூம்ல கப்புனு அடிக்குதாம், வாந்தி வர்ற மாரி இருக்குதாம். இன்னா பூவுடா இது, எடுத்துக்கினு போங்கன்னு கத்துது. மேக்கப் எல்லாம் அழிஞ்சி அழுவுறா." அவருக்கு அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாடிகளைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். நான் குனிந்து சாடிக்குள்ளேயே முகத்தை விட்டேன். தண்ணீரின் பாசி, காம்பின் பச்சை நெடி, சாடியில் ஒட்டியிருந்த ஹேர் ஸ்ப்ரே... பூ இல்லை. கல்யாணப் பெண் எதற்கு நடிக்க வேண்டும்? ஆசைப்பட்டுக் கேட்ட பூவை, தன்னுடைய நாளில், மேக்கப் அழிய அழுது வெளியே அனுப்புகிறவள் யாருக்காகப் பொய் சொல்வாள்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது, என் குரலிலேயே வந்தது, கருத்தரங்கின் கடைசிப் பக்கம்... மற்ற எல்லா வாசனையும் தெரிகிற சிலருக்கு ஃப்ரீசியா மட்டும் தெரியாது, பிறவியிலேயே, பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கலாம், எந்த நாட்டிலும் எந்த இனத்திலும் இருக்கலாம், பூக்கண்காட்சிக்கு வந்தவர்களை எல்லாம் வரிசையாக முகரச் சொல்லிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லி, வகுப்பைச் சிரிக்க வைக்க, நம்மில் யாரோ என்று விரலை நீட்டி எல்லாரையும் சுற்றிக் காட்டினேன். என்னைக் காட்டவில்லை. நானாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அப்படியானால் அவன் பொய் சொல்லவில்லை. கதவருகே தூக்கித்தான் இருக்கிறது. இதில் மட்டும் பொய் இல்லை, மற்றதில்? மற்றதற்கு என்னிடம் என்ன சாட்சி, இந்தப் பூதானே சாட்சியாக இருந்தது... அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லலாமா, மன்னிச்சுக்கோங்க, பூ மணக்குதாம், எனக்குத்தான் தெரியல, இது ஒரு பிறவிக் கோளாறு, உங்க வீட்டிலயும் யாருக்காவது இருக்கும் என்று? அந்த அம்மாளின் காதில் இதில் எது போய்ச் சேரும்? எனக்குத்தான் தெரியல, அது மட்டும் போய்ச் சேரும். விஞ்ஞானம் எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும், காலனி மூக்கு என்று நான் சொன்னேன் இல்ல என்பார், இரக்கத்தோடு. உண்மையைச் சொன்னால் அவர் சொன்னது உண்மை ஆகிவிடுகிறது. சொல்லாவிட்டால் கண்ணை மூடி இழுக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ச்சீ, ஒரு பூவுக்கா இவ்வளவு?

கதவு திறந்தது, வேல்முருகன், தனியாக, ஒரு தரம் பின்னால் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். சரமாரியாகப் பேசினான், அம்மா சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே, சித்தி எல்லாம் கூட இருந்தார்கள், அந்த நேரத்தில் எப்படி ஆரம்பிக்கிறது, நீயும் வந்தவுடனே பூவைக் குறை சொல்லிவிட்டாய்... நான் நறுக்கிக்கொண்டே இருந்தேன். அவன் குனிந்து சாடியிலிருந்து ஒரு மஞ்சள் காம்பை உருவி என் முகத்தருகே நீட்டினான். குரல் இறங்கியது.

"நெஜமாவே உனக்கு வரலையா பிரவி?"

கேட்டவிதம்... வகுப்பில் கேட்கிற கேள்வி இல்லை அது. பத்தில் ஒருவருக்கு என்று நான் சொன்னதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டானே, அதை ஏன் அவன் நினைத்துக்கொள்ளவில்லை, தாவரவியல் படித்தவன்தானே அவனும், அம்மாவின் வார்த்தை அவனுக்குள் அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டதா? கண் என் மூக்கின்மேலேயே இருந்தது, ரிசல்ட் பார்க்கிற மாதிரி. இல்லடா, எனக்கு வராது, பிறவியிலேயே வராது, நீ கைதட்டினாயே, அதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முகர்ந்தேன். நனைந்த காகிதம்.

"வருது" என்றேன். "இப்ப வருது."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தான். பெருமூச்சு விட்டான், தோள் இரண்டும் இறங்கின, இத்தனை நேரம் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தவன் மாதிரி. "வா, அம்மா இப்ப தனியாத்தான் இருக்காங்க. வாசன வருதுன்னு சொல்லு, சந்தோஷப்படுவாங்க. நானும் அப்படியே நம்ம விஷயத்த ஆரம்பிக்கிறேன்."

அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலையிலிருந்து, இல்லை, இரண்டு வருஷமாக நான் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது, ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது, நான்கு அடி நடந்தால் போதும். அதானே பாத்தேன்... என்ன பார்த்தான்? எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தான், எப்போதிலிருந்து? கையில் இருக்கிற காம்பை மறுபடியும் முகர்கிறேன், ஒன்றுமில்லை, பெருங்காயம் வருகிறது, இலை புளிக்கிற வாடை வருகிறது, அவன் சட்டையில் அடித்திருக்கும் சென்ட் வருகிறது, அதற்குக் கீழே அவன் வியர்வை, ஏரிக்கரையில் பக்கத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நான் இழுத்த அதே வியர்வை... அப்போது இவன், என் கழுத்தோரம் முகத்தை வைத்துக்கொண்டு, பேசாமல், என்னிடம் எதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்?