நான்காம் பாத்தியில் காலியிடம்

ஆயுதபூஜை அன்று மலைப்பூங்காவில் யாரும் எதையும் பார்க்கக் கூடாது. மண்வெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் சாமி முன்னால் போய்விடும்; அன்று எந்தக் கருவிக்கும் வேலை இல்லை, கண்ணுக்கும்தான். பூவையும் புல்லையும் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் நஞ்சப்பனின் வேலை. ஆகவே அவன் இமைகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. சுற்றுலாக் கூட்டம் வரும் இரண்டாவது சீசன் தொடங்கியதிலிருந்தே நான்காம் பாத்தியின் பாம்பாஸ் புல் மேல் அவனுக்குச் சந்தேகம். வெள்ளைக் குஞ்சமும் அதுவுமாக ஆளுயரத்துக்கு நின்றுகொண்டு, நாளுக்கு ஓரடி அலுவலகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நோட்டில் எழுதியும் வைத்தான். யார் படித்தார்கள்?

பன்னிரண்டு வருஷமாக அவன் தற்காலிகம். "ஆர்டர் வந்துச்சா?" என்று மனைவி பொன்னுத்தாய் தினமும் வாசலிலேயே கேட்பாள். இந்தச் சீசனில் நிச்சயம் என்று சூப்பிரண்டு சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துப் புல் வருகிறது என்றால் சும்மாவா வரும்?

"மாதம்மாக்கா, புல்லு எங்க நிக்குது?"

தண்ணீர் விடும் மாதம்மாள் சிரித்தாள். "இன்னிக்குப் பாக்கக் கூடாதுங்க. நானே கண்ண மூடிட்டுத்தான் பொரி திங்கறேன்."

சரசரவென்று ஏதோ அலுவலகப் படியேறியது. அவனுடைய நாற்காலி கிரீச்சிட்டது. அட, திருட்டுப் புல்லே! நஞ்சப்பன் இடது கண்ணைத் திறந்தான்.

புல் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவனைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு கண்ணை மூடியபடி கீழே கையெழுத்துப் போட்டார்.

"சார், அது என் சீட்டுங்க!"

"தெரியும்யா. உனக்கு ஆர்டர் வந்துருச்சு. நாலாம் பாத்தி."

"பர்மனெண்ட்டுங்களா?"

"பர்மனெண்ட்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "பென்ஷன் உண்டுங்களா?"

"தண்ணி உண்டு."

சூப்பிரண்டு நீட்டிய உத்தரவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முத்திரை அசல்தான். பாத்திக்குப் போய்ப் புல் விட்டுப்போன குழியில் இறங்கினான். முழங்கால் வரை அளவெடுத்தாற்போல் இருந்தது. இருபுறமும் சால்வியாப் பூச்செடிகள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டன. அந்த மரியாதை அவனுக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் பன்னிரண்டு வருஷம்! நிமிர்ந்து நின்றான்.

மாதம்மாள் வந்து, கண் திறக்காமலே, சரியாக அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா, வீட்ல சொல்லீருங்க. பர்மனெண்ட் ஆயிட்டேன்னு."

"சொல்றேங்க. எப்ப வருவீங்கன்னு கேட்டா?"

நஞ்சப்பன் காலை அசைத்துப் பார்த்தான். மண் விடவில்லை.

"வந்து பாக்கச் சொல்லுங்க," என்றான். "டிக்கெட் எடுத்தாத்தான் உள்ள விடுவாங்க."