தொர மாறின கார்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனரின் பின் சீட்டில் இடது பக்கம் யாரும் உட்காரக் கூடாது. அது தொர உட்கார்ந்த இடம். தோட்டத்து மேனேஜரைத்தான் எங்கள் பக்கத்தில் தொர என்போம். எந்தத் தொர, எந்தத் தோட்டம் என்று கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். ஒரு தொர வைத்திருந்து, இன்னொரு தொரைக்குக் கை மாறி, அதற்குப் பிறகு தன்னிடம் வந்த கார் என்பார். "இது தொர மாறின காருடி" என்று சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு சாண் முன்னுக்கு வரும்.

அம்மாவுக்கு இடுப்பு வலி. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட மடங்கிச் சுருண்டு முன் சீட்டில்தான் வருவாள். பின்னால் ஏறினால் காலை நீட்ட அந்த இடம்தான் வேண்டும், அது தொரையுடையது. சின்ன வயதில் நான் அங்கே ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டதற்கு அப்பா என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். இல்லாத மனுஷனுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இடது பக்கக் கதவு இரண்டிலும் உள்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு நிறம். வலது பக்கக் கதவுகளில் வெறும் சிவப்பு. அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. தொர ஏறி இறங்குகிற பக்கமாம், அதனால் விசேஷமாகச் செய்ததாம். நாங்களும் நம்பிவிட்டோம். தினமும் பார்க்கிற பொருளை யார் கேள்வி கேட்கிறார்கள்?

தொண்ணூற்றெட்டில் அருண் வந்தான். ரம்புக்கனையில் பழைய கார்களின் உள் சாமான்களை விற்கிற கடை வைத்திருந்தான். டேஷ்போர்ட், ஸ்டியரிங், சீட்டு, கதவுக்கு உள்ளே அடிக்கிற போர்ட். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் எந்த வண்டி, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவான். நான் கேகாலையில் ஒரு குஷன் கடையில் சீட்டு உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவன் கொண்டு வந்த சீட்டு ஒன்றுக்கு நான் வைத்த தையல் அந்த வருஷத்துத் தையல் இல்லை என்று சண்டை பிடித்தான். அப்படித்தான் பழக்கமானோம். எனக்குக் கோபக்காரர்களைப் பிடிக்கும், என்னைப்போல் இருப்பதால்.

அப்பாவிடம் சொன்னபோது முகம் கறுத்துவிட்டது. "ஒடஞ்ச காரு சாமான் விக்கிறவனுக்கா பொண்ணு குடுப்பேன்?"

அம்மா விடவில்லை. கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார். "சரி, வரட்டும். என் காரப் பாத்து வருஷம் சொல்லட்டும். சரியா சொன்னா மேல பேசுவோம். தப்பா சொன்னா அந்தப் பேச்சே வேணாம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா வாய்க்கு வாய் சொல்வதுதானே, ஐம்பத்தைந்து மாடல். அருணிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "அம்பத்தஞ்சுன்னு சொல்லு. எல்லாம் ஒரிஜினல்னு சொல்லு. அதோட வாய மூடு."

"வண்டியப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"பாத்துட்டு அதையே சொல்லு!"

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்தான். அப்பா காரைத் துடைத்து, மாமர நிழலில் நிறுத்தி வைத்திருந்தார். அருண் முதலில் முன் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு உள்ளே குனிந்து டேஷ்போர்டைத் தடவினான். ஸ்டார்ட் பண்ண இழுக்கிற குமிழை ஒருமுறை தொட்டான்.

"முன் கண்ணாடி ரெண்டு துண்டு. மீட்டர் நடுவுல இருக்கு. இது ரெண்டும் ஒண்ணா வர்றது கொஞ்ச காலம்தாங்க ஐயா. அம்பத்தஞ்சு மாடல். சீட்டும் அந்த வருஷத்துத் தோல்தான்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேத்தண்ணி எடுக்க அம்மா உள்ளே திரும்பினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? அந்த மனுஷன் இடது பக்கக் கதவைத் திறந்தான்.

"ஆனா இந்தக் கதவு ரெண்டும் இந்த வண்டியோடது இல்லீங்க."

அம்மா நின்றுவிட்டாள். எனக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றியது.

"என்னா சொன்ன?" என்றார் அப்பா.

"உள்ள அடிச்சிருக்க போர்டப் பாருங்க. ரெண்டு கலரு. இது அறுபத தாண்டி வந்த வண்டிக்குத்தான் வந்திச்சு. அந்தப் பக்கத்துப் போர்டுதான் இந்த வண்டியோட ஒரிஜினல். எங்கேயோ அடிபட்டு, வேற வண்டிக் கதவ மாத்தியிருக்காங்க."

"டேய், இது தொர மாறின காரு! அது தொரைக்குன்னு செஞ்ச கதவு!" என்றார் அப்பா. "வித்த கராஜ்கார சோமபால பாஸே எங்கிட்ட சொன்னாரு!"

"அவர் என்னா சொன்னாருங்க ஐயா? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எழுபத்து நாலில், அந்தக் காரை வாங்கினபோது, அப்பா தலவாக்கலையிலிருந்து இங்கே லொறி ஓட்ட வந்த புதிது. சோமபாலவுக்குச் சிங்களம் மட்டும்தான், அப்பாவுக்கு அப்போது அது அரைகுறை. இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் பேசுவார். ஆனால் அந்தக் கதையை அன்றைக்கு வரை எங்களிடம் தமிழில்தான் சொல்லியிருக்கிறார்.

"நல்லா ஞாபகம் இருக்கு. கதவுல கைய வச்சிக்கிட்டு சொன்னாரு." அப்பா கதவில் கை வைத்தார். சோமபாலவின் குரலிலேயே சொன்னார். "'மஹத்தயோ, மேக்க தொர மாறு கரப்பு...'"

பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது.

சிங்களத்தில் தொர என்றால் கதவு. மாறு என்றால் அவர்களுக்கும் மாற்றம்தான். கதவு மாற்றின கார் என்று அந்த பாஸ் நேர்மையாகச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

அப்பா தன் கையைப் பார்த்தார். அது இன்னும் கதவிலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் நான் எரிச்சல்பட்ட அந்தத் தொரையை யாராவது திரும்பக் கொண்டுவந்து தரமாட்டார்களா என்றிருந்தது. கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். அருணும் தரையைப் பார்த்தபடி நின்றான்.

அப்பா மெதுவாகப் பின் கதவைத் திறந்தார். குனிந்தார். இடது பக்கத்தில், தொரையின் இடத்தில், உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்துப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹில்டா! இங்க வா. ஏறு."

"நானா? அங்கயா?"

"தொரன்னு யாருமே இல்லையாம். காலை நல்லா நீட்டி உக்காரு."

அம்மா மறுபக்கமாக ஏறினாள். அவர் மடியின் பக்கமாகக் காலை நீட்டி, "அப்பாடா" என்றாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அப்பா சாவியை ஜன்னல் வழியாக அருணிடம் நீட்டினார். "சரியா சொன்னா மேல பேசுவோம்னு சொன்னேன். நீ எனக்குத் தெரியாததையும் சேத்து சொல்லிட்ட. வண்டிய எடு. ஃபாதர் கோயில்லதான் இருப்பாரு. கல்யாண ஓலை வாசிக்க ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வந்துருவோம்."

நான் ஓடிப்போய் முன்னால் ஏறினேன். அருண் குமிழை இழுத்தான், கார் இருமிவிட்டுக் கிளம்பியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கும்போது கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. பின்னாலிருந்து அப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி, பாத்து ஓட்டு. பின்னால தொர உக்காந்திருக்கேன்ல."