பதினான்காம் பின்

பதினான்கு வேண்டாம், பதினான்கு இனி எந்த ஜென்மத்துக்கும் வேண்டாம் என்று எண்ணிக்கொண்டே அவள் தாளில் அந்த எண்ணை அடித்தாள், ஒரு கோடு போதாதென்று இன்னொன்று, பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது... கிழியட்டும். ஆறிலிருந்து பதினொன்று வரையுள்ள பின்களைத் தொடவே கூடாது, அவை மெஷினை ஓட்டுகிற போர்டு தன் நினைவகத்தோடு பேசுகிற வழி, அங்கே கை வைத்தால் போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பூஜ்யம், இரண்டு, ஐந்து, பன்னிரண்டு, பதினைந்து, கரண்ட் வந்ததும் எப்படிக் கண்விழிப்பது என்று போர்டு இந்தப் பின்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது, அந்த நேரத்தில் எதையாவது இவற்றில் தொங்கவிட்டால் குழம்பிப்போகும். ஒன்றும் மூன்றும் கணினியோடு பேசுவதற்கு. முப்பத்துநான்கிலிருந்து முப்பத்தொன்பது வரை உள்ளே வருவதைக் கேட்டுக்கொள்ள மட்டும்தான், வெளியே ஒன்றும் சொல்லாது, பட்டனை மாட்டலாம், மெஷினைத் தட்டிவிடுகிற ரிலேயை மாட்ட முடியாது. கேட்டுக்கொள்ளும், வாய் திறக்காது, இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவை போல... சீ, இதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது. மிஞ்சுவது எத்தனை? நான்கு, பதின்மூன்று, பதினாறிலிருந்து சில, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. உள்ளங்கை அளவு போர்டு, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் கால்கள், பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கின்றன, எது தன்பாட்டுக்கு இருக்கும், எது கேட்காமலே உதைக்கும் என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? ஆனால் தாளில் எழுதியிருக்கிறது. இணையத்தில் தேடினால் ஒரே பக்கத்தில் அட்டவணையாகவே கிடைக்கிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

வீட்டின் பின்னால் இருந்த ஷெட்டில் அன்று வேலை இல்லை, பத்து நாளாக இல்லை, அட்டை வெட்டும் பிரஸ்மேல் யாரோ பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடியிருந்தார்கள், யார் போட்டது, அவராகத்தான் இருக்கும், பார்க்கப் பிடிக்கவில்லை போலும். அவளும்தான் பார்க்கவில்லை. ஜன்னலோரம் மேஜையில் சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட், இந்த வாசனை அவளுக்கு மறக்குமா... அவருக்கு அது தெரியாதா, பெண் பார்க்க வந்தபோது அதைத்தானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார்கள். பிறகு பதினொரு வருஷம் அட்டைப்பெட்டி எண்ணிக் கட்டுப் போட்டதில், அவள் ஒரு காலத்தில் வேறு என்னவோ தெரிந்தவள் என்பது எல்லோருக்கும் விட்டுப்போயிற்று. பிரஸ்ஸின் பழைய கன்ட்ரோல் பெட்டி புகைந்துபோனபோதும் அவளை யாரும் கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்து, யாரோ வரைந்த படத்தை அப்படியே பார்த்து, அதற்குப் பதிலாக இந்தப் போர்டை வாங்கி அவரே ஒயர் மாட்டினார். வீடியோக்காரன் பதினான்கில் மாட்டியது ஒரு சின்ன விளக்கு. கரண்ட் வருகிற கணத்தில் அந்தப் பின் தானாகத் துடிக்கும், விளக்காக இருந்தால் கண் சிமிட்டிவிட்டு அணையும், அதனால் யாருக்கு என்ன. இங்கே அந்தப் பின்னில் ரிலே, ரிலேயின் மறுமுனையில் காற்று வால்வு, வால்வு திறந்தால் அட்டையை வெட்டும் தட்டு இறங்கும்.

முதல் நாளே இறங்கியது. ஸ்விட்சைப் போட்டதும், யாரும் பெடலை மிதிக்காமலே, தொம்மென்று ஒரு தடவை இறங்கி ஏறியது. அவர் சிரித்தார், "பாத்தீங்களா, வணக்கம் சொல்லுது" என்றார், வேலை செய்கிற நாலு பேரும் சிரித்தார்கள், அன்றிலிருந்து தினமும் காலையில் அது வணக்கம் சொன்னது. அவள் அன்று மத்தியானமே அட்டவணையைத் தேடிப் படித்தாள். மறுநாள் ஷெட்டில் வைத்துச் சொன்னாள்... ஷெட்டில் வைத்துச் சொன்னதுதான் தப்பு, வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், நாலு பேர் முன்னால் ஆண்பிள்ளையிடம் சொல்லலாமா என்று பிறகு அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் வீட்டுக்குள் சொன்னால் மட்டும் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பாரா? "அந்தப் பின்ன மாத்திடுங்க, கரண்ட் வர்றப்போ அது தானா துடிக்குது. இருபத்தாறுல மாட்டுனா போதும்." அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார், "லேப் அம்மா வந்துட்டாங்க, எல்லாரும் நோட்டை எடுங்க." சிரிப்பு. அங்கேயே வேலை பார்க்கும் நாத்தனாரும் சிரித்தாள், தம்பி என்ன சொன்னாலும் சிரிக்கிற சிரிப்பு. அவள் கட்டுப் போடும் மேஜைக்குத் திரும்பிப் போனாள், முறுக்கிய கயிற்றை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நாள்.

பேசாமல் இருந்தது மட்டுமா... தினமும் காலையில் அந்தத் தொம் கேட்கும்போது அவளுக்குள் ஒரு திருப்தி. பார், நான் சொன்னேன் இல்லையா. பார், இன்றைக்கும். கற்கண்டை வாயில் போட்டுக் கரைத்துக்கொள்கிற மாதிரி, சத்தமில்லாமல். அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில் கரண்ட் போனது, மின்விசிறி நின்றது, எல்லோரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள், நாத்தனாருக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே, தட்டுக்கு அடியில் சிக்கியிருந்த அட்டைத் துண்டை எடுத்துவிடலாம் என்று கையை விட்டாள். கரண்ட் இல்லாத மெஷின் செத்த மெஷின் என்றுதான் யாருக்கும் தோன்றும். கம்ப்ரஸர் டேங்கில் அழுத்திவைத்த காற்று அப்படியே நிற்கும் என்று யார் நினைப்பார்கள்? கரண்ட் வந்தது. அவள் கயிற்றைப் பல்லில் கடித்தபடி நின்றிருந்தாள், அந்தச் சத்தம் எப்போதும்போல் இல்லை, அட்டை வெட்டும் சத்தமும் இல்லை... வேண்டாம். வலது கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும், முதல் கணுவோடு போய்விட்டன. ஆஸ்பத்திரியில் அவர் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார், "போர்டு டூப்ளிகேட்டு சார், நம்பி வாங்கினேன், ஏமாத்திட்டான்." டாக்டரிடம், நர்ஸிடம், பார்க்க வந்தவர்களிடம். போர்டு நல்ல போர்டுதான். சொன்னபடி நடந்துகொண்டது, அட்டவணையில் போட்டிருந்தபடி ஒரு மயிரிழை பிசகாமல் நடந்துகொண்டது. அவள் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள், அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

நேற்றுத்தான் பார்த்தார். சாப்பிட்ட தட்டில் கை காய்ந்துகொண்டிருக்க, "எந்தப் பின்னுன்னு நீயே பாத்து மாட்டிடு. எனக்கு இது ஒண்ணும் புரியல" என்றார். பதினொரு வருஷத்தில் இந்த மனுஷன் எனக்குப் புரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

இருபத்தாறு. பதினான்கிலிருந்த ஒயரை ஈயம் உருக்கி எடுத்தாள், இருபத்தாறில் வைத்தாள், சொட்டு ஈயம், ஊதினாள். அந்தப் பின்னுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், போர்டு முழுசாக விழித்துக்கொள்ளும்வரை பின் அடங்கிக் கிடக்க வேண்டும். அதோடு விட்டால் ஆகாது, போர்டை நம்பியே கூடாது, வால்வுக்குப் போகிற ஒயரிலேயே இரண்டு பட்டன், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தட்டு இறங்கும், கரண்ட் போனால் டேங்கிலிருந்து வரும் காற்றும் தானாக வெளியேறிவிடும்... இதெல்லாம் அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, எங்கேயோ மடித்து வைத்திருந்தது மடிப்புக் கலையாமல் வந்தது. ப்ரோக்ராமில் பதினான்கை அழித்து இருபத்தாறு என்று அடித்தாள். ப்ளக்கைப் பிடுங்கினாள், சொருகினாள். வால்வு மூச்சு விடவில்லை. மறுபடி பிடுங்கினாள், சொருகினாள். பத்துத் தடவை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஏன் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம். ரெசிஸ்டர், பட்டன், காற்று எல்லாம் சேர்த்து ஒரு காலைப்பொழுது. அந்த ஒற்றை ஒயருக்கும் ஒற்றை எண்ணுக்கும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லேப்டாப் எப்போதும் இதே மேஜையில்தான் கிடந்தது, அதற்குப் பூட்டு ஒன்றும் போட்டிருக்கவில்லை, அவர் வெளியே போகாத நாளும் இல்லை... யாருக்கும் தெரியாமல் மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். தெரியாமல் மாற்றினால், நான் சொன்னதுதான் சரி என்று பிறகு யாருக்குத் தெரியும்?

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். ஆஸ்பத்திரியில் கைக்கட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டு இருவரும் வந்துவிட்டார்கள், அவர் போனைக் காதில் வைத்தபடி தெருவிலேயே நின்றுவிட்டார், நாத்தனார் மட்டும் ஷெட்டுக்குள் வந்தாள், வெள்ளைப் பொதியாகக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவள் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.

"மாட்டிட்டியா?"

"ஆச்சுக்கா."

"இனிமே தானா இறங்காதுல்ல?"

"இறங்காது. பத்துத் தடவை பாத்துட்டேன்."

நாத்தனார் போர்டைக் குனிந்து பார்த்தாள், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாத பார்வை. "ரொம்ப வேலையோ?"

"காலையிலேருந்து உக்காந்திருக்கேன்." பொய் இல்லை, அந்த ஒற்றை ஒயருக்கு ஐந்து நிமிஷம் என்பதைத்தான் சொல்லவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னப்ப நானும் சிரிச்சேன்ல?"

"எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"எனக்கு இருக்கு." கட்டுப்போட்ட கையை மடியில் இறக்கி வைத்தாள், சின்னக் குழந்தையை வைப்பது போல. கொஞ்ச நேரம் வெளியே தம்பி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பது போல, "ஒரு தடவதான் சொன்ன, இல்ல?" என்றாள்.

அதில் கோபம் இருந்ததா, இல்லை தன்னைத்தானே நொந்துகொண்டாளா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு தடவதான்" என்றாள். நேற்று அவர் எனக்குப் புரியவில்லை என்று சொன்ன கணத்தில், இந்தக் கை நினைவுக்கு வருவதற்கு முன்னால், இவள் நினைவுக்கு வருவதற்கு முன்னால், நெஞ்சுக்குள் குளிர்ந்துகொண்டு ஏதோ ஒன்று எழுந்ததே, காலையில் அந்தத் தொம் கேட்கும்போது எழுவது போலவே... அழுகை என்றுதான் நேற்று நினைத்துக்கொண்டாள். அழுகை அப்படியா குளிரும்?