கயிற்றின் மறுமுனை

அப்பாவின் வலது கை நகங்களை வெட்டி முடித்து மகள் இடது கையை எடுத்தபோது, கூட்டாளி வாசலில் வந்து நின்றார். மிருகக்காட்சிசாலையில் அப்பாவோடு இருபத்தாறு வருடம் மகாராணி என்ற யானையைப் பார்த்துக்கொண்டவர். நேற்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான். உயிர் வழியிலேயே போய்விட்டது.

"நாலு மணிக்குத்தானே எடுக்குறோம்? அதுக்குள்ள நீ ஒரு தடவ அங்க வரணும்மா. மகாராணி நேத்துலேருந்து ஒரு வாய் திங்கல."

"நான் வந்து என்ன மாமா பண்ண?"

"நீ அவரு ரத்தம். மோப்பம் பிடிச்சுடும்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் குழந்தை பிறந்த அன்றுகூட எட்டிப் பார்க்காத மனிதர் அப்பா. கேட்டால், "அது எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்" என்பார். செத்த பிறகும் அதற்குத்தான் முதல் மரியாதையா?

"போயிட்டு வா. அவரு இருந்தா போயிருப்பாரு" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

யானையின் மூளைக்கு வேலை வேண்டுமென்று மிருக டாக்டர் கூண்டில் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். எட்டாத தூரத்தில் தீவனத் தட்டு. அதைச் சுற்றி வந்த ஒரே கயிற்றின் ஒரு முனை கம்பிக்கு உள்ளே யானைக்கு, மறுமுனை வெளியே ஆளுக்கு. ஒருவர் மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். அப்பா வந்து பிடிக்கும்வரை தன் முனையைத் தொடக்கூடாது என்று மூன்றே நாளில் மகாராணி கற்றுக்கொண்டது. ஒரு வாரத்தில் ஏமாற்றவும் கற்றுக்கொண்டது. கயிறு உருவாதபடி தன் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு சும்மா நிற்கும். அப்பா ஒருவரே மூச்சு வாங்க இழுப்பார். மற்றவர்களோடு ஒழுங்காக இழுக்கும். "என்கிட்ட மட்டும்தான் இந்தத் திருட்டுத்தனம்" என்று சாப்பிடும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார், முகமெல்லாம் பெருமையாக.

நேற்று அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் சரிந்தார்.

"தீனியக் கிட்ட கொண்டுபோய்ப் போட்டாலும் தொடல. நான் கயித்தப் பிடிச்சாலும் அசையல" என்றார் கூட்டாளி, அவளை யானைக் கூண்டுக்கு அழைத்துவந்து.

மகாராணி வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அருகே போனதும் தும்பிக்கை நீண்டு வந்தது. நகம் வெட்டிய கையை அவள் கழுவியிருக்கவில்லை. விரல் விரலாக வெகுநேரம் முகர்ந்தது.

"அவரு வரமாட்டாரு" என்றாள். நேற்றிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாதது அது. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை எடுத்தாள். மகாராணி தன் முனையைத் தும்பிக்கையால் தூக்கியது. கொஞ்சம் யோசித்ததுபோல் நின்றது. பிறகு அதைக் கீழே போட்டு, முன்னங்காலால் மிதித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தது.

கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தட்டு கனமாக இருந்தது. முழுவதையும் அவளே இழுத்தாள்.