நொடிக்கு ஒரு வரி

காளவாசலில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாத குளிர்சாதன அறைதான் சுபலட்சுமியின் வேலையிடம். 2004ஆம் வருடம். மதுரை வட்டாரத்து அலுவலகங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி. எந்த ஊரில் உள்ள இணைப்புக் கருவியில் என்ன நடந்தாலும் அது ஒரு வரியாக அவள் திரையில் வந்து விழும்.

முந்தைய மாதம் ஒரு பழுதுக்குக் காரணம் தெரியவில்லை, பதிவான வரிகளிலும் இல்லை என்று அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மேலாளர் துளசிராம், சின்ன அசைவைக்கூட எழுதும்படி எல்லாக் கருவிகளையும் மாற்றிவைத்தார். மாற்று ஆள் வரும்வரை அவள் எழுந்திருக்கவும் கூடாது.

அன்று மதியம் கொட்டாம்பட்டிக் கருவியில் ஒரு இணைப்பு அறுவதும் ஒட்டுவதுமாக ஆடத் தொடங்கியது. ஆடிய ஒவ்வொரு தடவைக்கும் பத்து வரி. திரை அருவியாகக் கொட்டியது. கண் ஒரு வரியைப் பிடிப்பதற்குள் நூறு ஓடிவிட்டன. சோற்று டப்பா திறக்காமலே கிடந்தது. துளசிராமுக்குப் போன் போட்டாள்.

"சார், எதையுமே படிக்க முடியல. வர்ற வரியக் கொஞ்சம் கொறச்சுக்கிறவா?"

"ஒரு வரி விட்டுப்போனாலும் என்னையத்தாம்மா கேப்பாங்க. தொடாத. படிச்சுக்கிட்டே இரு."

படித்தாள். நாற்பது நிமிஷத்தில் எழுத்துகள் எறும்புகளாகத் தெரிந்தன. எதையாவது தவறவிட்டால் வேலை போகும். கையை வைத்தாலும் போகும். கடைசியில், எப்படியும் போகிற வேலை கை வைத்தே போகட்டும் என்று, தன் கணினியிலிருந்தே கொட்டாம்பட்டிக் கருவிக்குள் நுழைந்தாள். அடிக்கும் எழுத்தெல்லாம் அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. கட்டளையைத் தாளில் எழுதிவைத்து, திரையைப் பார்க்காமலே தட்டினாள்: அபாயச் செய்தி தவிர மற்றவை நொடிக்கு ஒரு வரிதான்.

திரை நின்று மூச்சுவிட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது, உசிலம்பட்டியில் கருவி இருக்கும் அறையில் சூடு ஏறுகிறது என்ற வரி. மேலே தள்ளிப் பார்த்தால் அதுவே நாலு தடவை வந்திருக்கிறது.

உசிலம்பட்டி டெக்னீசியன் விருமாண்டியைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒடனே ரூமைத் தொறங்க!"

கால் மணி நேரத்தில் அவர் பேசினார். "ஏசி செத்துக் கெடக்கு தங்கச்சி. பேட்டரி அம்புட்டும் உப்பிப்போச்சு. கழட்டிப் போட்டுட்டேன். இன்னுங் கொஞ்ச நேரம் விட்டிருந்தா எரிஞ்சே போயிருக்கும்."

சாயங்காலம் துளசிராம் வந்தார். திட்டவில்லை. நொடிக்கு ஒரு வரி என்பதை எல்லாக் கருவிகளுக்கும் போடச் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார். இதனால் விடுபடும் எதற்கும் சுபலட்சுமியே பொறுப்பு என்று டைப் செய்திருந்தது.

"இது நியாயமா சார்?"

"எனக்கும் மேல ஆளிருக்காங்கம்மா."

அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே பேனாவால், 'இந்த வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்' என்றும் எழுதினாள். துளசிராம் அதைப் படித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இப்போதைக்கு நீ ஒருத்திதான். நாளைக்கு ஆறு மணிக்கே வந்துரும்மா" என்றார்.