பால் டின்னில் கோயம்புத்தூர் மண்

தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிவிட்டுத்தான் வருவதாக, மனை விற்க வந்த உமாபதி சொன்னார். அவருடைய சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. முந்தின நாள் பெய்த மழையில் தோட்டத்துச் சாலை உளையாகி, லோரியே திணறிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் தேத்தண்ணீர்க் கிளாசை அவர் முன்னால் வைத்துவிட்டு, அந்தச் சப்பாத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். இந்த ஆள் பொய் சொல்கிறான். சின்னப் பொய்தான். ஆனால் சின்னப் பொய்க்குக் கூசாதவன் பெரிய பொய்க்கா கூசப்போகிறான்?

அவள் புருஷன் சிவானந்தம் இதையெல்லாம் எங்கே பார்த்தார்? கோலசிலாங்கூர்ச் சாலையில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு முப்பத்திரண்டு வருஷமாக அவர்தான் டிரெசர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் கட்டிக்கும் பூரான் கடிக்கும் சிவானந்தம் கலக்கிக் கொடுப்பதுதான் மருந்து. ஊருக்கே மருந்து கொடுத்த மனிதர், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். இப்போது உமாபதி விரித்துப் போட்ட ஆல்பத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"கோயம்புத்தூர் பக்கம், டிரெசர் சார். மலேசியா நகர்னே பேரு வச்சிருக்கோம். நம்ம ஆளுங்க ரிட்டையர் ஆயி நிம்மதியா இருக்கறதுக்குன்னே பிரிச்ச மனை. நல்ல காஞ்ச வெயிலு. இந்த ஊரு ஈரம், மூட்டு வலி ஒண்ணும் கெடையாது. எரநூறு வெள்ளி இருந்தா மாசம் பூரா ராசா மாதிரி இருக்கலாம். சமைக்க ஆளு, துவைக்க ஆளு."

"துவைக்கற ஆளுக்குத் தண்ணி இருக்கா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

உமாபதி சிரித்தார். சிவானந்தம் சிரிக்கவில்லை. விருந்தாளி முன்னால் இப்படியா பேசுவது என்று அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த எண்பத்து நாலாம் வருஷத் தீபாவளியோடு அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அன்றோடு வேலையும் போகும், வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த வீடும் போகும். அடுத்து வரப்போகிற டிரெசரின் மனைவி போன வாரமே வந்து ஜன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டுப் போய்விட்டாள். போய் ஒதுங்கப் பிள்ளை குட்டியும் இல்லை. தஞ்சோங் காராங்கில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த அன்று சிவானந்தம் சோற்றைத் தொடவில்லை. கைக்கு வரப்போவது சேமநிதிப் பணம் ஒன்றுதான். அதையும் இந்தச் சப்பாத்துக்காரனிடம் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நடுத்தெருதான் என்று நல்லம்மாள் பயந்தாள்.

"எனக்கு அந்த ஊரு மண்ணு ஒரு பொட்டலம் வேணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் அப்பா கன்றுத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு விதையைக்கூட இறக்க விடமாட்டார். துரையே வந்து அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். பத்து வயதிலிருந்து அந்த மனிதரின் பின்னால் விதைக்கூடை சுமந்தவள் நல்லம்மாள். டிரெசரைக் கட்டிக்கொண்டு ஸ்டாஃப் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

"அதுக்கென்னம்மா, அடுத்த தடவை கொண்டாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உமாபதி ஆல்பத்தை மூடினார்.

மூன்று வாரம் கழித்து மண் வந்தது. கொண்டுவந்தவர் சிவானந்தம். உலு யாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வரும் வழியில் ராவாங்கில் உமாபதியின் ஆபீசுக்குப் போனாராம், அவர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாராம். பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் செக்கச்செவேல் என்று மண். இந்தப் பக்கத்துச் சாம்பல் களிமண் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. நல்லம்மாள் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். புளித்தது. மழையில் ஊறி ஊறிப் புளித்த மண் மாதிரி இருந்தது.

"என்ன, இப்ப திருப்தியா?"

"மண்ணு வந்துருச்சு. மண்ணக் குடுத்த ஆளு மேலதான் இன்னும் நம்பிக்கை வரல."

சிவானந்தம் மல்லுக்கு நிற்கவில்லை. பாதி மண்ணை அள்ளிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய் மேசைமேல் வைத்தார். மருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். உடையப்பன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போன வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையை விட்டவர், மனைவியை இழந்தவர், தம்பி மகன் வீட்டில் ஒண்டிக் கிடப்பவர். ஒரு சிட்டிகையைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்கும் எடுத்துப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உமாபதி வந்தபோது கையோடு பணத்தைக் கட்டியவர் அவர் ஒருவர்தான். டிரெசரய்யாவே மண்ணைக் காட்டிவிட்டார், அப்புறம் என்ன யோசனை?

நல்லம்மாள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். மீதி மண்ணை ஒரு பால் டின்னில் போட்டு, அடியில் ஓட்டை குத்தி, குசினி ஜன்னலில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். மண் வாயைத் திறக்காவிட்டால் அதில் முளைப்பதாவது பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ஒரு பச்சை தலை காட்டியது. பதினைந்தாம் நாள் மூன்று மூன்றாக இலை விட்டது. தண்டில் பொன்னிறத்தில் பூனைமயிர். நல்லம்மாளுக்கு இரண்டாவது தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடுவதற்காகத் தோட்டம் தோட்டமாக விதைக்கிற கொடி. எத்தனை கூடை விதையை அவள் கையாலேயே தூவியிருப்பாள்! மழைக்கு ஏங்கும் கோயம்புத்தூருக்கு இது எப்படிப் போயிற்று? இங்கேயே ஏதோ மலைத்தோட்டத்தில் அள்ளிய மண்தான் இது.

பிடித்துவிட்டேன் என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினாள். சிவானந்தம் தனியாக நின்று பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, ஒங்க உமாபதி வண்டவாளத்த! நம்மூருக் கொடி, நம்மூரு மண்ணு. நல்லா நம்புனீங்க!"

அவர் டின்னைப் பார்க்கவே இல்லை. சின்னச் சிராய்ப்பைக்கூடக் குனிந்து உற்றுப் பார்க்கிற மனிதர், கழுவிய பாட்டிலையே மறுபடியும் கழுவினார். நல்லம்மாளுக்கு அப்போது வந்த சந்தேகம் அவள் விரும்பாத சந்தேகம்.

"ஏங்க, இது அந்த ஆளு குடுத்த மண்ணுதானே?"

பாட்டிலைக் கீழே வைத்தார். "கேட்டேன், நல்லம்மா. மண்ணெல்லாம் பிளேன்ல ஏத்த விடமாட்டாங்கன்னுட்டாரு. மண்ணப் பாக்காம நீ சம்மதிக்க மாட்ட. தங்கச்சி வீட்டுக்குப் பின்னால மலையில புதுசாக் கன்னு வச்சிருக்காங்க. அங்கதான்..."

நல்லம்மாள் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வாரக்கணக்கில் ஊரான் ஒருத்தனைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"இன்னும் என்ன மறைச்சு வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிருங்க."

"நாலு நாளா ஆபீசு போன்லேர்ந்து ராவாங்குக்கு அடிக்கறேன், யாரும் எடுக்கல. நேத்து பஸ் ஏறிப் போனேன். பூட்டிக் கெடக்குது. ஆளு ஓடிப்போயி ஒரு வாரமாச்சுன்னு பக்கத்துக் கடைக்காரரு சொன்னாரு."

"உடையப்பண்ணன் காசு?"

சிவானந்தம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நம்ம காசு இன்னும் கைக்கு வரலியே, அது தப்பிச்சுதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டின்னை அவர் தலையிலேயே போட்டிருப்பாள்.

"எந்திரிங்க" என்றாள்.

உச்சி வெயிலில் இரண்டு பேரும் லயத்துக்கு நடந்தார்கள். வழியில் கண்டவர்கள் எல்லாம் டிரெசரைக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் அவர் தலை கொஞ்சம் தாழ்ந்தது.

உடையப்பன் வாசலில் உட்கார்ந்து பழைய தகரப் பெட்டிக்கு நீலப் பெயிண்டு அடித்துக்கொண்டிருந்தார். பயணத்துக்கு வேண்டிய பெட்டி. நல்லம்மாள் கையில் இருந்த டின்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அட, நம்ம தோட்டத்துக் கொடியில்ல! இது அந்த ஊரு மண்ணுதானேம்மா? அதுலயா மொளைச்சிருக்குது?" மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அங்கயும் இருக்குதுலா! யாரையும் தெரியாத ஊருல போயி எப்படி இருக்கப் போறோம்னு ராவெல்லாம் நெனைப்பேன். தெரிஞ்ச மொகமா ஒரு கொடியாச்சும் இருக்குதே."

நல்லம்மாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இது அவர் சொல்ல வேண்டியது. ஓரடி பின்னால் நகர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

சிவானந்தம் சொன்னார். மண் எங்கே அள்ளியது, யார் அள்ளியது, ராவாங் ஆபீசில் தொங்குகிற பூட்டு, எல்லாவற்றையும் சொன்னார். உடையப்பன் முதலில் சிரித்தார். "சும்மா வெளையாடாதீங்க, டிரெசரய்யா." பிறகு நல்லம்மாள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"எங்க சேமநிதிக் காசு தீபாவளியோட வந்துரும், அண்ணே. ஒங்க காசு மொத்தமும் அதுலேர்ந்து ஒங்க கைக்கு வந்துரும்" என்றாள் அவள். இத்தனை நாள் யார் கையும் படாமல் பொத்திக் காத்த பணம். சொன்ன பிறகுதான் தஞ்சோங் காராங் வாடகை அறை அவள் நினைவுக்கு வந்தது. சிவானந்தம் ஆமாம் என்று தலையாட்டினார்.

உடையப்பன் உள்ளே போனார். சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துவந்து டிரெசரிடம் நீட்டினார்.

"முப்பது வருசமா ஒங்க கையால மருந்து வாங்கிக் குடிச்சிருக்கேன். கசக்கும். கண்ண மூடிக்கிட்டு முழுங்கிருவேன். இது என்ன மருந்துன்னு ஒரு நாளும் ஒங்களக் கேட்டதில்லியே, டிரெசரய்யா."

சிவானந்தம் இரண்டு கையாலும் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.